அளவு ஜாக்கெட்டும் கூறைச்சேலையும்

1

குடியிருப்பு அட்டையைப் புதுப்பிக்கப் போன இடத்தில் ஒரு பெண் என்னைக் காணவில்லை என்று என் முன்னாலேயே சொன்னாள்.

நம் கோயிலின் பங்குப் பத்திரிகை படிக்கிறவர்களில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நான் மதுரைச் செல்லூர்க்காரி, செபஸ்தியம்மாள். என் மகள் லீமா அயர்லாந்து தேசத்தில் கார்க் என்ற ஊரில் நர்ஸாக இருக்கிறாள். அவளோடு வந்து சேர்ந்து ஆறு குளிர்காலம் பார்த்துவிட்டேன். நான் படித்தது ஐந்தாவது வரை. ஒரு பக்கம் எழுத எனக்கு ஒரு பொழுது ஆகும். எழுத்துப் பிழையைத் திருத்திக்கொள்ளுங்கள், சேதியைத் திருத்த வேண்டாம்.

வெளித்தேசத்திலிருந்து வந்தவர்கள் இங்கே ஓர் அட்டை வைத்திருக்க வேண்டும். கெடு முடிவதற்குள் போய்ப் புதுப்பிக்க வேண்டும். அதற்குத்தான் இந்த மாசியில் லீமா என்னைக் கூட்டிப் போனாள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் இருந்த பெண் என் பாஸ்போர்ட்டை விரித்துப் படத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். குல்லாவை எடுக்கச் சொன்னாள், எடுத்தேன். கழுத்தைச் சுற்றியிருந்த கம்பளித் துண்டை எடுக்கச் சொன்னாள், அதையும் எடுத்தேன். மறுபடி படத்தைப் பார்த்துவிட்டு லீமாவிடம் சிரித்தபடி ஏதோ சொன்னாள். லீமாவும் சிரித்தாள். வேலை முடிந்தது.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் கேட்டேன்.

"என்னத்தச் சொன்னா அவ?"

"ஒண்ணுமில்லம்மா."

"ஒண்ணுமில்லாததுக்கா அப்படிச் சிரிச்சீங்க ரெண்டு பேரும்?"

"இந்தப் பச்சைச் சேலைக்கார அம்மாவ எங்க விட்டுட்டு வந்தீங்கன்னு கேட்டா. சும்மா வேடிக்கைக்குத்தாம்மா."

நான் சிரிக்கவில்லை. ஜன்னலில் மழை வழிந்துகொண்டிருந்தது. அந்தக் கண்ணாடியில் தெரிந்தவள் மாப்பிள்ளையின் பழைய மழைக்கோட்டுக்குள் இருந்தாள். சாம்பல் நிறம். கை நீளம் கூடுதல் என்பதால் இரண்டு மடிப்பு மடித்துவிட்டிருந்தது. மார்பில் அவர் வேலை பார்த்த பழைய கம்பெனியின் பெயர். நல்ல மனுசிதான் அந்த ஆபீஸ்காரி. கேட்ட கேள்வி சரியான கேள்வி.

2

அந்தப் படம் சிம்மக்கல் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் எடுத்தது. லீமாவைப் பார்க்க இருவருமாகப் போவோம் என்று என் வீட்டுக்காரரும் நானும் ஒரே நாளில் போய் உட்கார்ந்து எடுத்தோம். கிளிப்பச்சையில் சுங்குடிச் சேலை. அதற்குக் கடுகு மஞ்சளில் ஜாக்கெட். ஸ்டுடியோப் பையன், "அம்மா, வெளிச்சமா இருக்கீங்க" என்றான். இவர், "வெளிச்சத்தத் தச்சது நான்" என்றார்.

அவர் புதுமண்டபத்தில் தையல்காரர். கல்தூண்களுக்கு நடுவில் வரிசையாக மிஷின் போட்டு உட்கார்ந்திருப்பார்களே, அந்த வரிசையில் ஒருவர். தினமும் காலையில் சைக்கிளில் ஆற்றுப்பாலம் தாண்டிப் போவார். இப்போது அவர்களை எல்லாம் வேறு கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்களாம். என் காதில் மட்டும் அந்த மிஷின்களின் சத்தம் இன்னும் அதே மண்டபத்துக்குள்தான் ஓடுகிறது.

ஜாக்கெட் தைக்கக் கொடுக்கிற பெண்கள் துணியோடு ஒரு பழைய ஜாக்கெட்டையும் கொடுப்பார்கள். அதுதான் அளவு ஜாக்கெட். டேப் வைத்து ஊரான் பெண்டாட்டியை அளக்கிற வேலை கிடையாது. அதைப் பார்த்து வெட்டித் தைத்து, இரண்டையும் சேர்த்துத் திருப்பிக் கொடுப்பார். மிச்சம் விழுகிற துணியை, வேண்டாம் என்று அவர்கள் விட்டுப்போனால், எனக்குக் கொண்டுவருவார். ஒரு கைக்கு ஒரு துண்டு, முதுகுக்கு ஒரு துண்டு என்று ஒட்டுப்போட்டு எனக்கு ஜாக்கெட் ஆகும். அதனால் என் சேலைக்கும் ஜாக்கெட்டுக்கும் ஒருநாளும் பொருத்தம் இருந்ததில்லை. நீலச் சேலைக்கு ஆரஞ்சு. ரோஸ் சேலைக்குப் பாசிப்பச்சை.

எங்கள் சந்தில் அதைச் சொல்லிச் சிரிக்காதவர்கள் குறைவு. முதல் ஆள் எங்கள் மதினிதான், என் அண்ணன் பெண்டாட்டி. அடுத்த வீடு.

"என்னத்தா செபஸ்தி, இன்னைக்கு எந்தக் கட்சிக் கொடி?" என்பார்.

"நான் தனிக்கட்சி மதினி" என்பேன்.

அப்படி உடுத்துகிற பொழுதும் எனக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். மற்ற நாளெல்லாம் கே.கே. நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா. காப்பிப்பொடி நிறத்தில் வெள்ளைக் கரை போட்ட சேலை. எல்லா ஆயாக்களுக்கும் அதுதான். வேலைக்குத் தோதாகக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டி, முந்தியைச் சுற்றிக் கொண்டுவந்து இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொள்வோம். படியில் ஓடலாம், குனியலாம், பிள்ளையைத் தூக்கலாம், முந்தி அசையாது. ஞாயிறு பூசைக்கு மட்டும் சேலையைப் பாதம் தொடக் கட்டி, முந்தியைத் தாழவிட்டு, தெரு நீளத்துக்கும் மெதுவாக நடப்பேன். அவர் பின்னால் வருவார். முன்னால் நடக்கச் சொன்னால், "நான் தச்சத நான் பார்க்க வேண்டாமா" என்பார்.

பாஸ்போர்ட் வந்தது. விசாவுக்கு எழுதிப் போடும் முன்னால் அவர் போய்விட்டார். நெஞ்சுவலி. மிஷினில் உட்கார்ந்தபடியே.

அடக்கம் முடிந்த பிறகு பிறந்த வீட்டுக் கோடி என்று அண்ணனும் மதினியும் வெள்ளைச் சேலை கொண்டுவந்து போட்டார்கள். அப்புறம் எடுத்ததெல்லாம் சந்தனம், சாம்பல், வெளுத்த நீலம். என் கூறைச்சேலையை மதினி தன் கையாலேயே மடித்தார். அரக்குப் பட்டு, உள்ளங்கை அகலத்துக்குச் சரிகைக் கரை. எங்கள் குடும்பத்தில் புருசனை இழந்தவள் கூறையை மறுபடி உடுத்தக் கூடாது. அவள் அடக்கத்தன்று அதைக் கட்டிப் பெட்டியில் வைப்பார்கள், மணப்பெண்ணாக அவரிடம் போய்ச் சேரட்டும் என்று. மதினி அதை ஒரு வெள்ளைத் துணியில் முடிந்து என் கையில் கொடுத்தார்.

"அன்னைக்குத்தான் பிரிக்கணும். அதுவரைக்கும் இந்த முடிச்சில கை வைக்காத."

விமானம் ஏறும்போது அதையும் பெட்டியில் வைத்துக்கொண்டு வந்தேன். எங்கே செத்தாலும் கையோடு இருக்கட்டும் என்றுதான்.

3

இந்த ஊர்க் குளிரைச் சொல்லி உங்களைப் பயமுறுத்த மாட்டேன். மழைதான் தொல்லை. மேலிருந்து விழாது, பக்கவாட்டில் வரும். வந்த புதிதில் சேலை கட்டிக்கொண்டுதான் பேத்தியைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவரப் போனேன். ரீனாவுக்கு அப்போது ஆறு வயது, என் விரலைப் பிடித்துக்கொண்டு நடப்பாள். கொஞ்சம் வளர்ந்ததும் விரலை விட்டாள். அப்புறம் பள்ளி வாசல் வருவதற்கு முன்பே என்னை விட்டு முன்னால் நடக்க ஆரம்பித்தாள். தமிழும் அவள் வாயிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துவிட்டது. நான் பேசினால் விளங்கும். பதில் இங்கிலீசில் வரும், இடையில் 'அம்மாச்சி' என்ற ஒரு வார்த்தை மட்டும் நம்முடையதாக இருக்கும்.

சேலையைப் பார்த்துத்தான் பிள்ளைக்கு வெட்கம் என்று நானாக முடிவு கட்டினேன். வெளியே போவதற்குச் சேலையை விட்டுவிட்டேன். லீமாவின் பழைய கால்சட்டை, அவள் கம்பளிச் சட்டை, மேலே மாப்பிள்ளையின் கோட்டு. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. "இந்தா போட்டுக்கம்மா, நல்லாத்தான் இருக்கு" என்று லீமா கொடுத்ததை வாங்கிப் போட்டுக்கொண்டேன். ஆயாவாக இருந்தபோது பள்ளிக்கூடம் கொடுத்தது, புருசன் போனபோது பிறந்த வீடு கொடுத்தது, இங்கே பிள்ளைகள் கொடுத்தது. இம்புட்டு வயதுக்கு நானாகப் போய் ஒன்றை எடுத்து உடுத்தியது எப்போது என்று யோசித்தால் பிடிபடவில்லை.

அட்டை புதுப்பித்து வந்த அன்று அந்தக் கோட்டைக் கழற்றி மாட்டியவள் மறுநாள் அதைத் தொடவில்லை.

4

எங்கள் தெருமுனையில் ஒரு பழந்துணிக் கடை. கோயில்காரர்கள் நடத்துவது. ப்ரீடா என்று என் வயதுள்ள அம்மாள் அங்கே உட்கார்ந்திருப்பாள். உதட்டுச் சாயம் பூசாமல் அவளை நான் பார்த்ததில்லை. பழந்துணி என்றால் நமக்குப் பாத்திரக்காரியிடம் போடுவதுதான் வழக்கம். விலை கொடுத்து வாங்குவதாவது என்று அந்தக் கடைப் பக்கமே திரும்பாமல் இருந்தவள் நான். அன்றைக்கு உள்ளே போனேன்.

ஒரு கோட்டு தொங்கியது. நல்ல கம்பளி. மஞ்சள் என்றால் நம் சம்பங்கி மாலைக்கு நடுவில் வைக்கிற செவ்வந்தி இருக்குமே, அந்த மஞ்சள். போட்டுப் பார்த்தேன். தோள் கச்சிதமாக உட்கார்ந்தது. அவர் இருந்திருந்தால் தோள்பட்டைத் தையலை இழுத்துப் பார்த்து, "நல்ல கை" என்று சொல்லியிருப்பார். ப்ரீடா கட்டை விரலை உயர்த்தினாள். நானும் அவள் உதட்டைக் காட்டிக் கட்டை விரலை உயர்த்தினேன். எங்களுக்குள் பேச்சு இப்போதும் அம்புட்டுதான், போதுமானதாக இருக்கிறது.

லீமா பார்த்துவிட்டு, "பழசப் போய் வாங்கிட்டு வந்திருக்கியேம்மா, நான் புதுசு எடுத்துத் தர மாட்டேனா?" என்றாள்.

"உன் புருசன் கோட்டு மட்டும் புதுசா? இதும் பழசுதான். ஆனா இது நான் எடுத்த பழசு."

பிறகு சேலையை வெளியே எடுத்தேன். குளிருக்கு எப்படிக் கட்டுவது என்று யோசித்தபோது கை தானாகப் பழைய இடத்துக்குப் போனது. ஆயாக் கட்டு. உள்ளே தடித்த கால்சட்டை, காலில் பூட்ஸ், கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டிய சேலை, ஜாக்கெட்டுக்குப் பதில் கழுத்து மூடிய கம்பளிச் சட்டை. முந்தியை இடுப்பில் செருகாமல் மஞ்சள் கோட்டுக்கு மேலே எடுத்துப் போட்டேன். காற்று வந்து மோதிப் பார்த்தது. சேலை அசையவில்லை. எத்தனை வருசம் மாடிப்படி கழுவிய கட்டு.

மறுநாள் அப்படியே பள்ளி வாசலுக்குப் போனேன். அன்று மாலை லீமா வேலையில் இருந்தாள். ரீனா வெளியே வந்தாள், நின்றாள், என்னை மேலும் கீழும் பார்த்தாள். முன்னால் ஓடவில்லை. பக்கத்தில் நடந்தாள்.

"இன்னைக்கு வெக்கமா இல்லையா?" என்றேன்.

"எதுக்கு வெக்கம்?"

"நான் சேலை கட்டி வாரதுக்கு."

அவள் கொஞ்ச நேரம் தமிழைத் தேடினாள். "சேலைக்கு இல்ல அம்மாச்சி. அப்பாவோட கோட். ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் உன் தாத்தாவான்னு கேப்பாங்க."

நடுத்தெருவில் நின்று சிரித்தேன். நான் எதை மறைத்துக்கொண்டு இத்தனை காலம் இருந்தேன், பிள்ளைக்கு எது வெட்கம், பாருங்கள்.

5

இந்த வசந்தத்தில் ரீனாவுக்கு உறுதிபூசுதல், ஞானஸ்நானத்து வாக்கைப் பிள்ளை தன் வாயாலேயே உறுதி சொல்கிற நாள். இங்கே அது கல்யாணம் மாதிரி. எல்லா வீட்டிலும் புதுத்துணி எடுப்பார்கள். லீமா எனக்கென்று சந்தன நிறத்தில் கால்சட்டையும் கோட்டும் எடுத்து வைத்தாள்.

"டீசண்டா இருக்கும்மா. கோயில்ல யாரும் திரும்பிப் பார்க்க மாட்டாங்க."

"திரும்பிப் பார்க்கணும்னுதான எல்லாரும் புதுசு எடுக்கிறாங்க?"

"நீ என்னத்தக் கட்டப் போற?"

"கூறைச்சேலை."

லீமா கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டாள். "அம்மா, அது அடக்கத்துக்கு வச்சது."

"தெரியும். பெட்டிக்குள்ள படுத்தப்புறம் எனக்கு எங்க தெரியப்போகுது? என் கல்யாணத்தன்னைக்கு ஒரு பொழுது கட்டுனது. உன் ஞானஸ்நானத்துக்கு ஒரு தடவை. இன்னொரு தடவை என் கண்ணால பார்த்துக்கிறேனே."

"அத்தை கேட்டா என்ன சொல்லுவாங்க?"

அத்தை என்றது மதினியைத்தான். நான் மதினியிடமே கேட்டேன். சனிக்கிழமை தோறும் போனில் முகம் பார்த்துப் பேசுவோம். அண்ணன் போய் இரண்டு வருசம் ஆகிறது. மதினியும் இப்போது சாம்பல் சேலையில்தான் இருந்தார். நான் சொன்னதைக் கேட்டு முடித்து, போனை முகத்துக்குக் கிட்டத்தில் கொண்டுவந்தார்.

"ஏத்தா, புத்தி கித்தி கெட்டுப்போச்சா? அதைப் பிரிச்சா சாவைக் கைநீட்டிக் கூப்பிடுறதுன்னு அர்த்தம். பேத்திக்கு நல்ல காரியம் நடக்கிற அன்னைக்கா?"

"பட்டுத்துணிக்குப் பயந்தா சாவு வராம இருக்கு மதினி?"

"நாலு பேரு என்ன பேசுவாக?"

"இங்க எனக்கு நாலு பேரே கிடையாது."

"நான் ஒருத்தி இருக்கேன்ல" என்று சொல்லி வைத்துவிட்டார்.

அதுதான் தைத்தது. என் தாய் இல்லாத வீட்டில் எனக்குத் தலை பின்னி, அந்தக் கூறையைக் கட்டிவிட்டு, கொசுவத்தை நீவிவிட்டது மதினியின் கை. அவரை மீறிக் கட்டினால் செல்லூருக்கு எந்த முகத்தோடு போய் இறங்குவது? கட்டாமல் அந்தச் சந்தன நிறத்துக்குள் போய் உட்கார்ந்தால், பச்சைச் சேலைக்காரி எங்கே என்று அந்த ஆபீஸ்காரி மறுபடி கேட்பாள். மூன்று நாள் முடிச்சைக் கட்டில்மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்காம் நாள் ஜெபம் சொல்லிவிட்டு அவிழ்த்தேன்.

நாப்தலின் வாசம் வந்தது. அதற்கு அடியில் கொஞ்சம் நம் வீட்டு பீரோ வாசம். பட்டின் நிறம் போகவே இல்லை, அதே அரக்கு. மெதுவாக விரித்தேன். முதல் மடிப்பில் ஒரு சின்னச் சத்தம். இரண்டாவது மடிப்பிலும். தூக்கிப் பிடித்தபோது ஜன்னல் வெளிச்சம் சேலையின் ஊடே கோடு கோடாக வந்தது. மடிப்பு விழுந்த இடமெல்லாம் இற்றுப்போயிருந்தது.

பட்டை வருசத்துக்கு ஒருமுறை விரித்து, நிழலில் காற்றாடப் போட்டு, மடிப்பை மாற்றி மடிக்க வேண்டும். செல்லூரில் சின்னப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். எனக்கும் தெரியும், மதினிக்கும் தெரியும். பிரிக்கக் கூடாது என்ற ஒரே பேச்சில் இரண்டு பேருமே அதை மறந்தோம். கட்டவும் ஆகாது, என் அடக்கத்துக்கும் ஆகாது. அன்றைக்கு என் மகள் அழுதுகொண்டே முடிச்சை அவிழ்த்து, சவப்பெட்டி பக்கத்தில் காத்திருக்க, இதைக் கண்டிருப்பாள்.

லீமா கதவருகில் வந்து பார்த்து, "ஐயோ அம்மா" என்று கட்டிலில் உட்கார்ந்தாள். நான் சேலையை மறுபடி வெளிச்சத்தில் பிடித்தேன். அவர் நினைவு வந்தது. மடிப்புக்கும் மடிப்புக்கும் நடுவில் நல்ல துணி கட்டம் கட்டமாக இருந்தது. அவருடைய கண்ணுக்கு இது கிழிந்த சேலை இல்லை. மிச்சத்துணி. ஒரு கைக்கு ஒரு துண்டு, முதுகுக்கு ஒரு துண்டு.

"கத்திரியக் கொண்டா" என்றேன்.

6

அவருக்கு ஹூக் வைத்தும் காஜா எடுத்தும் கொடுத்த கைதான் இது. மிஷினும் மிதிப்பேன். லீமா ஆசைக்கு வாங்கி மூலையில் போட்டிருந்த சின்ன மிஷினைத் துடைத்து எண்ணெய் விட்டேன். அளவுக்கு வேறெங்கே போவேன்? பாஸ்போர்ட் படத்தில் இருக்கிற அந்தக் கடுகு மஞ்சள் ஜாக்கெட்டை எடுத்தேன். போட்டுப் பார்த்தால் பக்கவாட்டில் இறுக்கியது. திருப்பிப் பார்த்தேன். உள்ளே விரல் அகலத்துக்குத் துணி விட்டு, ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றாகத் தையல் ஓட்டியிருந்தார். யாருக்குத் தைத்தாலும் அப்படித்தான். "நாளைக்குச் சதை போட்டா ஒரு தையலப் பிரிச்சு விட்டுக்கலாம்ல" என்பார். பிரித்துவிட்டேன். சரியாக இருந்தது. அதை அளவாக வைத்து அரக்குப் பட்டை வெட்டினேன், உள்ளே பருத்தி லைனிங் கொடுத்து.

ரீனா பக்கத்தில் வந்து உட்கார்ந்து சரிகைக் கரையைத் தடவிப் பார்த்தாள். எனக்கு வேணும் என்றாள். எதற்கு, எவ்வளவு என்று அவளையே சொல்லச் சொன்னேன். வெள்ளைக் கவுனுக்கு இடுப்பில் கட்ட ஒரு பட்டை கேட்டாள். கரையில் வெட்டிக் கொடுத்தேன்.

அன்று கோயிலுக்குக் கிளிப்பச்சைச் சுங்குடி கட்டினேன், அதே படத்துச் சேலை. அரக்குப் பட்டு ஜாக்கெட். மேலே செவ்வந்தி மஞ்சள் கோட்டு. பீடத்துக்குப் போகும் வழியில் நான் மெதுவாகத்தான் நடந்தேன். ப்ரீடா திரும்பிப் பார்த்தாள். அவளுக்கு அடுத்த வரிசையும் திரும்பிப் பார்த்தது. லீமா என் பின்னால் வந்தாள். முன்னால் போகச் சொன்னேன். "போம்மா, நான் பின்னாலயே வாரேன்" என்றாள்.

வாசலில் நின்று மதினிக்குப் போன் போட்டேன். மறைப்பதில்லை என்று முடிவு. சேலை இற்றதைச் சொன்னேன், வெட்டியதைச் சொன்னேன், கோட்டை விலக்கி ஜாக்கெட்டைக் காட்டினேன். படம் நின்றுவிட்டதோ என்று பார்த்தேன். மதினியின் கண் இமைத்தது.

"தள்ளி நில்லு" என்றார்.

"என்ன மதினி?"

"எட்டி நில்லுங்கிறேன். முழுசாத் தெரியட்டும்."

ரீனாவிடம் போனைக் கொடுத்துவிட்டு எட்டி நின்றேன். காற்றில் முந்தி கொஞ்சம் அசைந்தது.

"பச்சைக்கு அரக்கு, அதுக்கு மேல மஞ்சள்" என்றார் மதினி. "எந்தக் கட்சிடி இது?"

"தனிக்கட்சிதான்."

"அப்ப உன் அடக்கத்துக்கு என்னத்தக் கட்டுறது?"

"அன்னைக்கு எதை உடுத்தியிருக்கேனோ அதோட அனுப்புங்க. அவர் தச்சத அவரு கண்டுபிடிச்சிக்கிருவாரு."

மதினி ஒருமுறை பின்னால் திரும்பிப் பார்த்தார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, பக்கத்தில் யாரும் கேட்டுவிடக் கூடாது என்பது போல, "அந்தத் துணி மிச்சம் கிடக்கா? எனக்கொரு ஜாக்கெட்டுக்கு வருமா?" என்றார்.

"அளவு ஜாக்கெட் அனுப்பி விடுங்க மதினி."

லீமாவோடு வேலை பார்க்கிற பெண் ஒருத்தி விடுமுறைக்கு மதுரை வந்து திரும்பினாள். அவள் பெட்டியில் அது போன வாரம் வந்து சேர்ந்தது. பழைய செய்தித்தாளில் சுற்றி, நூல் போட்டுக் கட்டியிருந்தது. பாசிப்பச்சை ஜாக்கெட். திருப்பிப் பார்த்தேன். அவர் கைத் தையல்தான். பிரித்துவிட உள்ளே இன்னும் துணி இருக்கிறது.